ஒரு பக்கெட் பழைய தண்ணி

கீழே இரும்புக் கேட் கிரீச்சென்றது கஸ்தூரிக்குக் கேட்டது. வந்தாச்சு. ரமீஜாக்காதான். வேறு யார் கேட்டைச் சாத்திவிட்டுத் தாழ் விழுந்ததா என்று இன்னொரு தடவை ஆட்டிப் பார்ப்பார்கள், அடுத்தவர் வீட்டு கேட்டாக இருந்தாலும். "கஸ்தூரி, நான்தான்டி, நீ எறங்காத, நானே மெதுவா ஏறி வரேன்," என்று குரல் படிக்கட்டு வழியாக மேலே வந்தது, கூடவே காலி பிளாஸ்டிக் கேன் இரண்டு சுவரில் இடிக்கும் சத்தமும். மூன்று மாடி. அக்காவுக்கு மூட்டு வலி, ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கி, அங்கே யார் கதவு திறந்திருக்கிறதோ அவர்களோடு இரண்டு வார்த்தை பேசி, மருமகள் மாசமா இருக்காளா என்று விசாரித்து, பிறகுதான் அடுத்த படி. அதுவரைக்கும் நேரம் இருக்கிறது. அதற்குள் வாயில் ஒரு வார்த்தை வந்துவிட வேண்டும், தண்ணி கிடையாதுக்கா என்கிற ஒரே ஒரு வார்த்தை, இதைச் சொல்ல என்ன கேடு, பச்சைக்குழந்தைகூடச் சொல்லும். கஸ்தூரி மொட்டைமாடியில் கவிழ்த்த பக்கெட்டின்மேல் உட்கார்ந்திருந்தாள். வலது கையில் கட்டு, கட்டுக்கு மேலே நனையாதபடி பாலிதீன் கவர், கவருக்கு மேலே ரப்பர் பேண்டு. எதிரே பெரிய சிமெண்டுத் தொட்டி, பச்சையும் மஞ்சளும் கலந்த தண்ணீர், அதில் காலை வெயில் பட்டு ஒன்றுமே அறியாதது போலப் பளபளத்தது. நேற்று போனில் அக்கா சொன்னாள், மகன் அன்வர் சவூதியிலிருந்து ஒரேயடியாகத் திரும்பிவிட்டான், செங்குன்றத்தில் ஷெட்டு போட்டு நாமும் மறுபடி மீன் வளர்ப்போம்மா என்கிறான், தொட்டி கட்டியாயிற்று, நாளைக்குச் சாயங்காலம் மீன் வருகிறது, "புதுத் தண்ணில விட்டா மொத்தமும் மல்லாந்துடும், ஒன் பெரிய தொட்டித் தண்ணி ரெண்டு கேன் குடு, அது போதும்." இவள் என்ன சொன்னாள்? ஐயோ அதுக்கென்னக்கா, வாங்க, என்றாள். மூளையைக் கேட்காமல் வாயே சொல்லிவிட்டது. அக்கா கேட்டு இல்லை என்று சொல்லிப் பழக்கமே இல்லாத வாய்.

பழக்கம் எப்படி வரும். இந்தத் தொட்டியே அக்கா போட்ட பிச்சைதானே. கொளத்தூருக்கு வந்த புதிதில், பனியன் கம்பெனி மூடிப்போய்ப் புருஷன் தணிகாசலம் வீட்டில் சும்மா உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், இந்தத் தெருவே மீன் வளர்க்கிறதே, நாமும் வளர்த்தால் என்ன என்று வாடகைக்கு இந்த மாடியை எடுத்து, கார்ப்பரேஷன் தண்ணீரைச் சுத்தபத்தமாகப் பிடித்து, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, மாலி, கப்பி என்று குட்டி அலங்கார மீன்களைக் கொண்டுவந்து விட்டார்கள். மறுநாள் காலையில் எல்லாம் மிதந்தது. இரண்டாம் தடவையும் மிதந்தது. மூன்றாம் தடவை கஸ்தூரி வலையால் வாரிக்கொண்டே அழுதாள், சத்தம் வராமல் அழுகிறோம் என்று நினைத்தாள், ஆனால் பக்கத்து மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பொம்பளைக்குக் கேட்டுவிட்டது. "ஏம்மா, புதுத் தண்ணியிலயா விட்டே? சுத்தமான தண்ணியில மீன் நிக்குமா? அழுக்கத் தின்ன ஆள் வேணாமா அதுக்கு?" கேட்டதோடு நிற்கவில்லை. கைப்பிடிச் சுவருக்கு மேலே ஒரு பக்கெட் பழைய தண்ணீரைத் தூக்கிக் கொடுத்தாள், கூடவே தன் மீன் தொட்டி ஃபில்டரிலிருந்து பிய்த்த வழவழப்பான ஒரு துண்டு ஸ்பாஞ்ச். பேர் என்ன, எந்த ஊர், என்ன ஆளுங்க, ஒன்றும் கேட்கவில்லை. பேரே மறுநாள்தான் கேட்டாள். அந்தத் தண்ணீரில் விட்ட மீன் நின்றது. நின்று, குஞ்சு போட்டு, அந்தக் குஞ்சு குஞ்சு போட்டு, பொண்ணைப் படிக்கவைத்து, கட்டிக்கொடுத்து, இந்தக் கையில் கிடக்கிற ஒரு ஜோடி வளையல் வரைக்கும் எல்லாம் அந்த ஒரு பக்கெட். யாராவது கோயிலில் கண்ணை மூடிக் கும்பிட்டால் சாமி முகம் தெரியும், கஸ்தூரிக்குப் பல சமயம் பக்கெட்டுதான் தெரியும், சிவப்புப் பக்கெட், கைப்பிடியில் சணல் சுற்றியது. மூட்டு வலி வந்தபின் அக்கா தன் தொட்டிகளை எப்போதோ மூடிவிட்டாள். முதல் மாடியில் அக்கா நின்றுவிட்டாள், பேச்சு சத்தம் கேட்கிறது, அங்கே வீட்டுக்காரியிடம் கஸ்தூரி கையைப் பற்றித்தான் விசாரிக்கிறாள் போல. நல்லாயிட்டாளா, நல்லாயிட்டாளா என்று இரண்டு தடவை.

நல்லாயிட்டேன்க்கா. எப்படி ஆனேன் என்றுதான் தெரியவில்லை. கல்லு தடுக்கி விழவில்லை, கத்தி கிழிக்கவில்லை, தொட்டி விளிம்பில் சிமெண்டு பெயர்ந்த இடத்தில் விரல் உரசியது, இத்தனை வருஷத்தில் எத்தனை உரசல், சுண்ணாம்பை வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறவள்தானே. சாயங்காலம் விரல் கொதித்தது, மறுநாள் கை மணிக்கட்டு வரை வீங்கி, தோல் இழுத்து, ஊதா நிறத்தில், அது தன்னுடைய கை என்றே தோன்றவில்லை, யாரோ கொண்டுவந்து மடியில் போட்டுவிட்டுப் போன மாதிரி கனத்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், கேட்கவில்லை, மாற்றிப் போட்டார்கள், கேட்கவில்லை. பெரிய டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தணிகாசலத்தைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அவர் திரும்பிவந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலையிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது, விரலை எடுக்கணும், அல்லது கையையே. வலது கை. வலை பிடிக்கிற கை, சோறு பிசைகிற கை, பேரப்பிள்ளை பிறந்தால் தூக்குகிற கை. அப்போது அவள் அழவில்லை, ஆச்சரியமாக ஒரே ஒரு நினைப்புதான் வந்தது, இடது கையால் சாப்பிட்டால் அம்மா திட்டுவாளே என்று. அம்மா போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலம். அந்த நேரத்தில்தான் பரிசோதனைக் கூடத்து டாக்டரம்மா வந்தாள். சியாமளா என்று பேர், குட்டையாக, மூக்குக்கண்ணாடி மூக்கு நுனிக்கு நழுவி, ரிப்போர்ட்டை நர்சு கையில் கொடுத்து அனுப்பினால் போதாதா, இவளே மாடி ஏறி வந்தாள், வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, என்ன தொழில்மா பண்றீங்க என்று கேட்டாள். மீன்னு சொன்னதும் அவள் கண்ணைப் பார்க்கணுமே. "அந்தத் தொட்டித் தண்ணி ஒரு பாட்டில்ல கொண்டாரச் சொல்லுங்க." தணிகாசலம் கொண்டுபோய்க் கொடுத்தார். தண்ணியில் இருந்ததும் கையில் இருந்ததும் ஒரே கிருமி. எந்த மருந்துக்கு அது சாகாது, எதற்குச் சாகும் என்று அவள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள், சாகிற மருந்து ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. அது ஒத்துக்கொண்டது. அந்த ஒன்றும் இல்லாமல் போயிருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் கஸ்தூரிக்கு டாக்டரம்மா முகம் வந்து நிற்கும், நீ நல்லா இருக்கணும் தாயே, ஒம் பிள்ளைகுட்டி நல்லா இருக்கணும். கல்யாணம் ஆச்சா என்று கேட்க மறந்துபோயிற்று.

அக்கா இன்னும் முதல் மாடியைத் தாண்டவில்லை. தாண்டாதீங்கக்கா, இன்னும் கொஞ்சம் பேசுங்க. டாக்டரம்மா சொன்னதைத் திருப்பி ஒரு தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்க்கணும், அக்காவுக்குப் புரிகிற மாதிரி சொல்லணுமே. மீன் வால் சுருங்கினாலும் செதில் வெளுத்தாலும் தெருவில் எல்லாரும் செய்வதுதான், மருந்துக்கடையில் வாங்கிய மஞ்சள் கேப்ஸ்யூலைப் பல்லால் கடித்துப் பிரித்து, பொடியைத் தண்ணீரில் தட்டிவிடுவது. மீனுக்கு வாய் இருந்து என்ன, எங்கே வலிக்கிறது என்று சொல்லவா போகிறது, போட்டு வைப்போம் என்று போடுவது. பாதிக் கிருமி சாகும். "சாகாத பாதி இருக்குல்லம்மா, அதுங்கிட்ட அந்த மருந்த ஏமாத்தற வித்தை இருக்கு," என்றாள் டாக்டரம்மா. "அந்த வித்தை கிருமிக்குள்ள ஒரு சின்ன வளையத்துல எழுதியிருக்கும். அந்தக் கிருமி என்ன பண்ணும் தெரியுமா, ஒடம்புல இருந்து ஒரு நூல் மாதிரி நீட்டி, பக்கத்துல இருக்கிற இன்னொரு கிருமிய இழுத்து ஒட்ட வெச்சுக்கும். வளையத்தப் படியெடுத்து அந்தப் பக்கம் தள்ளிவிடும். அவ்ளோதான், இனிமே அதுக்கும் வித்தை தெரியும்." தன் இரண்டு ஆள்காட்டி விரலையும் ஒட்டிக் காட்டினாள். "குடுத்தா இதுக்குக் கொறஞ்சிடாதா?" என்று கஸ்தூரி கேட்டாள். கையில் உயிர் போகிற வலி, ஆனாலும் கேட்டாள். "கொறையாது. ரெண்டு பேர்கிட்டயும் இருக்கும்." "பெத்த புள்ளைக்குத்தானே குடுக்கும்?" "அதான் இல்ல. புள்ளைக்கும் குடுக்கும், யாருன்னே தெரியாத அக்கம்பக்கத்துக்கும் குடுக்கும். வேற ஜாதிக் கிருமியா இருந்தாலும் குடுக்கும். நீங்க போட்டது ஒரு மருந்து, ஆனா அந்த ஒரே வளையத்துல நாலு மருந்துக்குப் பதில் எழுதியிருக்கு. மீன் கிருமிகிட்ட இருந்தது, ஒங்க கைக்கு வந்த கிருமி வாங்கிக்கிச்சு." கஸ்தூரி அப்படியே தலையணையில் சாய்ந்துவிட்டாள். வேற ஜாதிக்கும் கொடுக்குமாம், கணக்குப் பார்க்காமல் கொடுக்குமாம், கொடுத்தாலும் குறையாதாம். இது யாரைப் போல என்று அவளுக்கு உடனே தெரிந்தது, தெரிந்ததை டாக்டரம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. ரமீஜாக்காவைப் போய்க் கிருமியோடு சேர்ப்பதா, நாக்கு அழுகிடும்.

ஆனால் நினைப்பு விடுகிறதா. அந்தத் தண்ணீர் எங்கெங்கே போயிருக்கிறது என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி எண்ணினாள். அக்கா கொடுத்தது, அக்காவுக்கு அதற்கு முன்னால் யாரோ கொடுத்தது. இவளும் கை நிறையக் கொடுத்திருக்கிறாள், புதுசாகத் தொட்டி போடுகிறவர் யார் வந்தாலும் பெரிய தொட்டியிலிருந்து ஒரு பக்கெட், இல்லை என்று சொன்னதில்லை. மருந்து போட்ட மறுநாள் யாராவது வந்தால் இன்னும் பெருமை, "மருந்து போட்ட தண்ணி, தைரியமா எடுத்துட்டுப் போங்க, சீக்கே வராது," என்று ஒரு சொம்பு கூடவே ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். அட கடவுளே. ட்யூபை வாயில் வைத்து உறிஞ்சித் தண்ணீர் இழுக்கிற தெரு இது. ஆனாலும் தண்ணீர் கெட்டதுதானா என்றால் அதுவும் இல்லை, டாக்டரம்மாவே சொன்னாள், மீன் கழிவைத் தின்று மீனைக் காப்பாற்றுகிற நல்லதுகள் கோடிக்கணக்கில் அதில்தான் இருக்கின்றன, அதுங்களால்தான் உங்கள் மீன் நின்றது, கெட்டது நடுவில் புகுந்துகொண்டது, அவ்வளவுதான் என்று. அது கஸ்தூரிக்குப் பெரிய ஆறுதல். அக்கா கொடுத்தது நல்லதுதான். கஸ்தூரி பிழைத்தது நல்லதால்தான். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் நல்லதையும் கெட்டதையும் பிரித்து நல்லதை மட்டும் கேனில் ஊற்றிக் கொடுக்க அவளால் ஆகுமா? ஆகாது. ப்ளீச்சிங் பவுடர் போட்டு வைத்து, எல்லாம் செத்த பிறகு திறந்துவிடுங்கள், அதுவரை யாருக்கும் ஒரு சொம்புகூடக் கொடுக்காதீர்கள் என்று டாக்டரம்மா கையைப் பிடித்துச் சொல்லி அனுப்பினாள். மீனையெல்லாம் வேறு தொட்டிக்கு மாற்றித் தனியாக வைத்தாயிற்று. பவுடர் வாங்கத் தணிகாசலம் கடைக்குப் போயிருக்கிறார், போன மனுஷன் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார் போலிருக்கிறது.

"தண்ணி குடும்மா ஒரு வாய்," என்று அக்காவின் குரல் இரண்டாம் மாடியில். வந்துகொண்டே இருக்கிறாள். என்ன சொல்லலாம். மோட்டார் ரிப்பேர், தொட்டியில் ஓட்டை, ஆனால் தொட்டி முட்ட முட்ட நிறைந்து கண்ணெதிரே நிற்கிறது. குழாய்த் தண்ணீரில் கொஞ்சம் பாசியைக் கசக்கிப் பச்சையாக்கிக் கொடுத்துவிட்டால்? அக்காவுக்கு மூக்கே போதும், மோந்து பார்த்தே கண்டுபிடிப்பாள், அதோடு அன்வர் மீன் முழுக்க மிதக்கும், அந்தப் பாவம் வேறு. உண்மையைச் சொன்னால்? உங்க தண்ணியாலதான் என் கை போகப் பார்த்தது என்று அக்கா காதில் விழுந்துவிட்டால்? ஒரு வார்த்தை இப்படி அப்படித் திரும்பினால் போதும், அந்தச் சிவப்புப் பக்கெட்டை அவள் முகத்தில் விட்டெறிந்த மாதிரி ஆகிவிடும். மகன் வேலை இல்லாமல் வந்து நிற்கிறான், முதல் மீன் இன்றைக்கு வருகிறது, அன்று இவள் நின்ற அதே நிலையில் இன்று அக்கா நிற்கிறாள், கொடுக்கிற இடத்தில் இவள். இப்போது போய்க் கையை விரிப்பதா. நன்றி கெட்டவள். கொடுத்துவிடலாமா, ஒரே ஒரு கேன், எல்லார் கையிலும் புண்ணா இருக்கிறது, எல்லாருக்கும் வந்துவிடுமா என்ன, தெருவே இத்தனை நாள் நன்றாகத்தானே இருக்கிறது. இப்படி ஒரு நினைப்பு, அடுத்த நொடி கட்டுக்குள்ளே விரல் சுரீரென்றது, அப்படி ஒரு நினைப்பு. இரண்டுக்கும் நடுவில் கஸ்தூரி பக்கெட்டின்மேல் உட்கார்ந்தபடியே இருந்தாள், படிக்கட்டில் மூச்சிரைப்பு நெருங்கி வந்தது.

அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு மாடிக்கு வந்தாள், முக்காடு தோளில் நழுவி, முகமெல்லாம் வேர்வை. கேனைக் கீழே வைத்தாள். தண்ணியைப் பற்றிப் பேசவே இல்லை, நேரே வந்து கஸ்தூரியின் கையை எடுத்துப் பார்த்தாள். "விரல் ஆடுதா?" "நடுவிரல் மட்டும் மடங்க மாட்டேங்குதுக்கா." "இருக்குதுல்ல. போதும்டி, இருந்தா போதும்." கட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டே வேண்டுதலாக ஏதோ துஆ முணுமுணுத்தாள், உதடு மட்டும் அசைந்தது. கஸ்தூரி எதைச் சொல்லலாம் என்று கட்டி வைத்திருந்தாளோ அதெல்லாம் அந்த முணுமுணுப்பில் கரைந்துபோயிற்று, எடுத்துக்கோங்கக்கா, ரெண்டு கேன் என்ன, தொட்டியவே எடுத்துக்கோங்க என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "சரி, நீ ஒக்காரு, நானே மொண்டுக்கறேன்," என்று அக்கா நிமிர்ந்தாள். மொட்டைமாடியில் மீன் தொட்டிப் பக்கம் போகிறவர்கள் செய்வதுபோலச் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள், புடவையைத் தூக்கிச் செருகினாள். அப்போதுதான் கஸ்தூரி பார்த்தாள். இடது கால் கட்டைவிரலில் ஒரு வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. துணியின் நுனி மஞ்சளாக ஊறியிருந்தது.

"என்னக்கா இது?"

"சுகர்டி. செருப்பு கடிச்சது, ஆறவே மாட்டேங்குது. மாத்திரை தின்னுக்கிட்டுதான் இருக்கேன்." சொல்லிக்கொண்டே அக்கா தொட்டியைச் சுற்றி எப்போதும் தேங்கிக் கிடக்கிற ஈரத்தில் அந்தக் காலைத் தூக்கி வைக்கப் போனாள்.

கஸ்தூரி எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. இடது கையால் அக்காவின் புஜத்தைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள், அக்கா தடுமாறி இவள்மேலேயே சாய்ந்தாள்.

"தண்ணி தர மாட்டேன்க்கா."

அக்கா அவள் முகத்தையே பார்த்தாள். "நேத்து வாங்கன்னு சொன்னியே."

"சொன்னேன். தப்பு. இந்தத் தண்ணியிலதான் எங்கையத் தின்னது இருக்கு. ஒரே ஒரு மருந்தத் தவிர எதுக்கும் சாகாதுன்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க. ஒங்க கால்ல பட்டா காலே போயிடும். அன்வர் தொட்டியில ஊத்தினா அவன் தொட்டிக்குப் போகும், அங்க இருக்கிற மத்த கிருமிக்கெல்லாம் அது கத்துக்குடுக்கும்." மூச்சு முட்டியது, நிறுத்தவில்லை. "நீங்க குடுத்த தண்ணியிலதான் நான் சோறு தின்னேன். எம்பொண்ணக் கட்டிக்குடுத்தேன். அத நான் சாவற வரைக்கும் மறக்க மாட்டேன். வேற என்ன வேணா கேளுங்க, இந்தத் தண்ணியக் கேக்காதீங்க. எனக்கு நீங்க காலோட வேணும்க்கா."

அக்கா தொட்டியைப் பார்த்தாள், தன் கட்டைவிரலைப் பார்த்தாள், கஸ்தூரியின் கட்டைப் பார்த்தாள். கோபித்துக்கொண்டாள் என்றே கஸ்தூரி நினைத்தாள், கேனைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள், இனி இந்தக் கேட்டை ஆட்டிப் பார்க்க யாரும் வரமாட்டார்கள். அக்கா திரும்பிப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள். கவிழ்த்த பக்கெட்டில் மெல்ல உட்கார்ந்தாள். இடுப்பிலிருந்து போனை எடுத்தாள்.

"அன்வரு, மீனு இன்னைக்கு வேணாம்னு சொல்லுடா. வேணாம்னா வேணாம். தண்ணிய நாமளே மெதுவாப் பழக்கலாம், ஒரு மாசம் ஆனா ஆவட்டும்." போனை வைத்துவிட்டுக் கஸ்தூரியை முறைத்தாள். "கூறு கெட்டவளே. இத நேத்து போன்லயே சொல்லியிருந்தா மூணு மாடி ஏறியிருப்பேனா?"

தணிகாசலம் ப்ளீச்சிங் பவுடர் பொட்டலத்தோடு வந்து நின்றார், இரண்டு பேரும் ஏன் கண்ணைத் துடைக்கிறார்கள் என்று தெரியாமல் விழித்தார். அக்கா பழக்கத்தில் பொட்டலத்தை வாங்க எழுந்தாள், கஸ்தூரி அவளை அழுத்தி உட்காரவைத்தாள். கஸ்தூரி தானே வாங்கப் போனாள், அக்கா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். கை இல்லாதவள் ஒருத்தி, கால் இல்லாதவள் ஒருத்தி, நல்லா சேர்ந்தோம் போ, என்று அக்கா சிரித்தாள், சிரிப்பு நிற்கவே இல்லை. தணிகாசலமே பொடியைக் கரைத்து ஊற்றினார். குப்பென்று நெடி ஏறியது. பச்சைத் தண்ணீர் வெளிற ஆரம்பித்தது.

"நல்லாத்தான் வாழ வெச்சுது இந்தத் தண்ணி," என்றாள் அக்கா. "பாவம், குடுக்கத்தான் தெரியும் அதுக்கு. எதக் குடுக்கிறோம்னு தெரியல."

"நாளைக்கு எனக்குக் கட்டு மாத்தற நாள். எங்கூட வாங்க. அந்த டாக்டரம்மாகிட்ட ஒங்க காலக் காட்டணும்."

அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. தொட்டி விளிம்பில் வழிந்த தண்ணீர் தரையில் மெல்ல அவர்கள் பக்கமாக ஓடி வந்தது. கஸ்தூரி இடது கையால் காலி கேனைப் படுக்கவைத்து உருட்டி, அக்காவின் காலைத் தூக்கி அதன்மேல் வைத்தாள்.